புளியில்லாத புளியடி

"அக்கா, நான் மதவடிக்கு வந்திட்டன். இனி எங்காலை?"

பொதி கொண்டுவந்த பெடியன் கைபேசியில் கேட்டான். "மதவடியால நேர வாங்கோ தம்பி. சங்கக்கடையடியில இடக்கைப் பக்கம் திரும்பினால் புளியடி வரும். புளியடியில இருந்து மூண்டாவது படலை" என்றேன். ஐந்து நிமிடத்தில் வந்து நின்றான்.

பொதியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் யோசித்தேன். வீதிக்குக் கீழால் மழைத்தண்ணீர் போகிற மதவு, வீதியை அகலித்தபோது தாருக்குள் அமிழ்ந்துவிட்டது. மேலே நின்று பார்க்கிறவருக்கு அங்கே ஒரு மதவு இருப்பதே தெரியாது. கூட்டுறவுச் சங்கக்கடை பூட்டி இருபது வருடத்துக்கு மேலாகிறது. புளியமரம் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு மாரியில் சரிந்தது. கண்ணில் படாத மூன்றை அடையாளம் சொல்லியிருக்கிறேன். அந்த மரத்தை ஒருநாளும் கண்டிராத பிள்ளை, தடங்கலில்லாமல் என் படலைக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

இந்தக் காரியத்தைச் செய்து தந்தது 'அடி' என்ற சொல். யாழ்ப்பாணத்தில் ஓர் இடத்தைச் சுட்ட விடிந்தது முதல் படுக்கும் வரை நாங்கள் எடுப்பது இந்தச் சொல்லைத்தான். கிணத்தடி, படலையடி, அடுப்படி, வேலியடி, முடக்கடி, சந்தியடி, கோயிலடி, பள்ளிக்கூடத்தடி, வாசிகசாலையடி, தபால்கந்தோரடி, ஆசுப்பத்திரியடி, சுடலையடி. ஒரு மனிதரின் நாளை மட்டுமல்ல, ஆயுளையே இந்தச் சொற்களை வரிசையாக வைத்துச் சொல்லிவிடலாம். எல்லாவற்றிலும் வாலாக நிற்கும் 'அடி' என்னதான் சொல்கிறது என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு.

அகராதியைத் திறந்தால் பாதம், மரத்தின் தூர், பானையின் கீழ்ப்பக்கம், பன்னிரண்டு அங்குலம், செய்யுளின் வரி, கையால் விழுகிற அடி என்று பல பொருள் கிடக்கும். இடத்தைச் சொல்லும் 'அடி' பாதத்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். மரத்துக்குப் பாதம் அதன் தூர். தூரைச் சுற்றிய நிலம் மரத்தடி. மரத்துக்குச் சொன்னதைக் கிணற்றுக்கும் தேருக்கும் அடுப்புக்கும் சொன்னார்கள். இந்த அளவு தமிழ்நாட்டிலும் உண்டு. மரத்தடி, கிணற்றடி, தேரடி, அடுப்படி எல்லாம் அங்கேயும் வாழும் சொற்கள். அதற்கு மேல் அவர்கள் 'கிட்ட' என்றும் 'பக்கத்துல' என்றும் போய்விடுவார்கள். நாங்கள் நிற்கவேயில்லை. வெளியிலிருந்து எந்தப் பொருள் வந்து இறங்கினாலும் அதன் பெயரோடு 'அடி'யை ஒட்டிவிட்டோம்: கேற்றடி, பாங்கடி, சேர்ச்சடி, ஜெற்றியடி, ஸ்டேசனடி, தியேட்டரடி. பெயர் எந்த மொழியிலிருந்து வந்ததென்பது எங்களுக்குப் பொருட்டில்லை. நிலத்தில் ஊன்றி நிற்கும் பொருளாக இருந்தால் போதும், அதற்கு ஓர் அடி கிடைத்துவிடும்.

எவ்வளவு இடம் அடி? இதற்கு விடை தேடினால் அம்மம்மாவின் கிணத்தடிதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது. அதனால் வளவுக்கு ஒரு கிணறு, அல்லது நாலு வளவுக்கு ஒரு பங்குக் கிணறு. காணி உறுதியில் நிலத்தோடு கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும் சேர்த்து எழுதப்படுவது இதனால்தான். அம்மம்மா வீட்டுக் கிணத்தடி என்றால் முதலில் கட்டு, கட்டைச் சுற்றிய சீமெந்துத் தளம், அதன் ஓரத்தில் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல். கழுவின தண்ணீர் ஒரு சிறு வாய்க்காலால் ஓடிப்போய் வாழைப்பாத்திக்குள் இறங்கும். பாத்திக்கரையில் ஒரு தேசிமரம், இரண்டு கமுகு. தண்ணீர் போய்ச் சேருகிற கடைசி வாழை வரைக்கும் கிணத்தடி. அதற்கு அங்கால் கோடி, வீட்டின் பின்வளவு. யாரும் கோடு கீறி வைக்கவில்லை, ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த எல்லையும் ஒரே இடத்தில் நின்றதில்லை. சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கும்போது கொடி கட்டிய மாமரம் வரைக்கும் கிணத்தடி நீளும். பொழுதுபட்டதும் சுருங்கும், தொங்குகிற குண்டுபல்பின் வெளிச்சம் விழுகிற வட்டம்தான் அப்போது கிணத்தடி. "இருட்டில கிணத்தடிக்குப் போகாதை பிள்ளை" என்று அம்மம்மா சொன்னால், அவர் பயந்தது வெளிச்சத்துக்கு வெளியே கிடந்த இடத்துக்கு. எங்கள் வீட்டுப் பெண்கள் அழுததும் சிரித்ததும் சம்பந்தம் பேசியதும் அங்கேதான். ஆண்கள் அந்தப் பக்கம் வருமுன் செருமிவிட்டு வருவார்கள். கிணறு ஒரு பொருள். கிணத்தடி ஒரு வாழ்க்கை நடந்த இடம்.

அடி என்ற இடத்துக்கு நடு இருக்கிறது, விளிம்பு இல்லை. ஒரு பொருள் நடுவில் நிற்கும். அந்தப் பொருளின் நிழலும் தண்ணீரும் சத்தமும் ஆள் நடமாட்டமும் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவும் அதன் அடி.

சொல் ஒட்டுகிற விதத்தையும் ஒருக்கால் பார்க்க வேண்டும். மரம் மரத்தடி ஆகிறது, குளம் குளத்தடி ஆகிறது. நடுவில் 'அத்து' என்ற சாரியை வந்து உட்காருகிறது. புளியோடு யகரம் சேர்ந்து புளியடி. மாவோடு வகரம் சேர்ந்து மாவடி. வேம்பும் அரசும் தங்கள் உகரத்தை விட்டுக்கொடுத்து வேம்படி, அரசடி. ஆல் நெடில் என்பதால் லகரம் இரட்டாமல் ஆலடி. கல் குறில் என்பதால் இரட்டித்துக் கல்லடி. புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்து சோதனைக்குப் போன எங்களுக்கு, அந்த விதிகளை நாலு வயதிலேயே பிழையில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம் என்பதை ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் இலக்கண பாடம் எவ்வளவு இனித்திருக்கும்.

ஒட்டாத இடங்களும் உண்டு. ஊர்ப் பெயரோடு பெரும்பாலும் ஒட்டாது. நல்லூர்க் கோயிலடி என்பதில் அடி ஒட்டுவது கோயிலோடு, ஊரோடு அல்ல. ஊருக்கு விளிம்பு உண்டு, அது பல நடுக்களைக் கொண்டது. ஒற்றைப் பாதம் அதற்கு இல்லை. ஆட்களோடும் ஒட்டாது. 'அம்மாட்ட போ' என்போமே தவிர அம்மாவடி என்பதில்லை. ஆள் நடந்து திரிபவர். அடி வேண்டுமென்றால் ஓரிடத்தில் வேரோடி நிற்க வேண்டும். வாகனத்துக்கும் அப்படித்தான். பஸ்ஸடி இல்லை. ஆனால் தேருக்குத் தேரடி உண்டு, ஏனென்றால் வருடத்தில் ஒருநாள் ஓடுவதைத் தவிர மற்ற நாளெல்லாம் தேர் தன் நிலையான தேர்முட்டியில்தான் நிற்கிறது.

அடியோடு வேற்றுமை சேரும்போது எங்கள் பேச்சு இன்னும் நுட்பமாகிறது. கோயிலடியில நிக்கிறன் என்றால் இருப்பிடம். கோயிலடிக்கு வாறன் என்றால் சேருமிடம். "நாச்சிமார் கோயிலடியால போனால் கெதியாப் போகலாம்" என்றால் வழி. இந்த 'ஆல்' ஊடாகச் செல்வதைச் சொல்கிறது. 'கத்தியால் வெட்டினான்' என்பதன் 'ஆல்' அல்ல. எங்காலை, உதாலை, அங்காலை என்று கேட்பதும் சொல்வதும் இந்த உறவில்தான். கூடவே உகரச் சுட்டு வேறு. அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல், கேட்கிறவருக்குக் கிட்ட இருப்பதை 'உது' என்போம். "உந்தப் புளியடியிலயே நில்லுங்கோ, நான் வாறன்" என்றால், நீங்கள் இப்போது நிற்கிற, உங்களுக்குப் பக்கத்துப் புளியடி என்று விளங்கும். மூன்று சொல்லில் ஒரு வரைபடம்.

மினிபஸ்ஸிலும் இதுதான் வழக்கு. "கோயிலடி இறக்கம் இருக்கோ?" என்று நடத்துனர் கேட்டால், கோயில் வாசலில் இறங்குகிறவரும் எழும்புவார், கோயிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு உள்ளவரும் எழும்புவார். கோயிலடி என்பது கோயிலுக்கு உள்ளே இல்லை. உள்ளே போவதென்றால் 'கோயிலுக்குப் போறன்'. கோயிலடியில் கடலைக்காரர் இருப்பார், கற்பூரக்கடை இருக்கும், சைக்கிளைச் சாத்திவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்கிற பெடியள் இருப்பார்கள். ஒருகாலத்தில் உள்ளே விடப்படாத மனிதர்களும் அங்கேதான் நின்றார்கள். அடி என்ற சொல் அவர்களை வெளியே தள்ளவில்லை என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் கோயிலடி வரைக்கும்தான் அவர்களால் வர முடிந்தது என்பதும் அதே சொல்லுக்குள் இருக்கிறது.

நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு உரிய இடப்பொருள் உருபுகளை அடுக்கும்போது 'கண்கால் கடையிடை தலைவாய்' என்று தொடங்கும். கண், கால், தலை, வாய். இடத்தைச் சொல்ல வந்த பழந்தமிழர் தங்கள் உடம்பைத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அடி இல்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏட்டில் இருந்த உருபுகளில் பல பேச்சில் ஓய்ந்துவிட்டன. ஏட்டில் ஏறாத அடி எங்கள் முற்றத்தில் இன்றும் வேலை செய்கிறது.

அடிகளில் மூத்தவை மரங்களுடையவை. யாழ்ப்பாண நகரத்திலேயே அத்தியடி இருக்கிறது, அரசடி வீதி இருக்கிறது, வேம்படி வீதியும் அந்தப் பெயரைத் தாங்கிய மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார். ஆலடி, புளியடி, இலுப்பையடி, விளாத்தியடி, நாவலடி இல்லாத ஊரை நான் கண்டதில்லை. காரணம் வெயில். பங்குனி, சித்திரையில் இந்த மண்ணில் நடந்தவருக்குத் தெரியும், ஒரு மரத்தின் நிழல்தான் ஊரின் முதல் மண்டபம். சுமை இறக்க, பாக்கு இடிக்க, வழக்குத் தீர்க்க, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க அங்கேதான் கூடினார்கள். பிறகு ஒரு கல் நட்டு வைரவர் வந்திருப்பார், ஒரு தண்ணீர்ப்பந்தல் வந்திருக்கும், ஒரு கடை வந்திருக்கும், கடைசியில் பஸ் நிற்கத் தொடங்கியிருக்கும். நிழலின் வட்டம் ஊரின் பெயராகிவிட்டது.

ஞானத்தைக்கூட இங்கே அடியில்தான் தேடியிருக்கிறார்கள். செல்லப்பா சுவாமிகள் இருந்தது நல்லூர்த் தேரடி. யோகர் சுவாமிகள் அவரைக் குருவாகக் கண்டது அந்தத் தேரடியில். பின்னாளில் யோகர் அமர்ந்தது கொழும்புத்துறை இலுப்பை மரத்தடி. மடம், ஆதீனம், பீடம் எதுவும் இல்லாமல் இரண்டு பேர் இரண்டு அடிகளில் இருந்தார்கள். சனம் தேடிப் போனது. திருவடி என்ற சொல்லையும் தேரடி என்ற சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்கிறவருக்கு இதன் பொருத்தம் தெரியும்.

இனி மற்றச் சொற்களுக்கு வருகிறேன். அரசாங்கமும் பத்திரிகையும் இடத்தைச் சொல்ல எடுக்கும் சொற்கள் பகுதி, பிரிவு, வட்டாரம், வலயம். பகுதி என்பதில் 'பகு' இருக்கிறது, பிரிவில் 'பிரி' இருக்கிறது. வட்டாரமும் வலயமும் சுற்றி வளைப்பவை. நான்கும் விளிம்பில் இருந்து தொடங்குகிற சொற்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ஜே என்ற எழுத்தோடு ஓர் எண். விண்ணப்பத்தில் அதை எழுதாவிட்டால் காரியம் நடக்காது, எழுதத்தான் வேண்டும். ஆனால் "ஜே எத்தினையாமிடத்தில நிக்கிறாய்?" என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரே புளியடிக்குக் கிழக்கே உள்ள வீடு ஒரு பிரிவிலும் மேற்கே உள்ள வீடு இன்னொரு பிரிவிலும் வருவது இங்கே சாதாரணம். வாக்குச்சாவடி வேறு, நிவாரணப் பட்டியல் வேறு, புளியடி ஒன்று.

யுத்தம் எங்களுக்குத் தந்தவை விளிம்புச் சொற்கள். கட்டுப்பாட்டுப் பகுதி, விடுவிக்கப்பட்ட பகுதி, விடுவிக்கப்படாத பகுதி, உயர் பாதுகாப்பு வலயம். செய்தியில் கேட்டுக் கேட்டு அவை எங்கள் வாயிலும் வந்தன. ஆனால் 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, குடாநாட்டின் மேற்குப் பக்கமான வலிகாமத்துச் சனம் முழுதும் மழைக்குள் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்ததைப் பற்றிக் கதைக்கும்போது, எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொற்களை எடுப்பதில்லை. "செம்மணியடியில சைக்கிளை விட்டிட்டம்." "நாவற்குழிப் பாலத்தடியில அம்மம்மாவைக் காணேல்லை, ரெண்டு மணித்தியாலம் கத்தித் திரிஞ்சம்." அந்த இரவில் கால் அசையாத நெரிசலுக்குள் நின்ற இடம் அவர்களுக்குப் பாலத்தடியாகத்தான் நினைவிருக்கிறது. செம்மணியோடு 'அடி' ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். ஊர்ப் பெயரோடு ஒட்டாது என்று மேலே சொன்னேன். அந்த இரவில் செம்மணி ஊராக இல்லை, தாண்ட வேண்டிய ஒரு பொருளாக நடுவில் நின்றது.

காணி உறுதிகளில் இரண்டு வகையும் சந்திக்கின்றன. இங்கே நிலத்தைப் பரப்பில் அளக்கிறோம். 16 பரப்பு ஓர் ஏக்கர், 18 குழி ஒரு பரப்பு. உறுதியில் பரப்பும் குழியும் வரும், நாலு பக்கத்து எல்லையும் எவரெவர் காணி என்று வரும். ஆனால் அதற்கு முன்னால் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். புளியடி, மாவடி, வேம்படி வளவு. அந்த மரங்கள் எந்தத் தலைமுறையில் நின்றன என்று உரித்தாளிக்கே தெரியாது. நாலு பிள்ளைக்குச் சீதனமாகப் பிரித்தபின்னும் நாலு துண்டுக்கும் அதே பெயர்தான். எல்லைகள் மாறிக்கொண்டே போக, அடி மட்டும் மாறாமல் உறுதிக்கு உறுதி வந்துகொண்டிருக்கிறது.

ஆளின் பெயரிலும் அடி ஏறியிருக்கிறது. ஆசுகவி கல்லடி வேலுப்பிள்ளை, 1860 இல் பிறந்தவர், வயாவிளான் ஊரவர். வீட்டுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பெருங்கல்லால் அந்த இடம் கல்லடி ஆனது, அவர் கல்லடி வேலன் ஆனார். 1918 இல் 'யாழ்ப்பாண வைபவ கௌமுதி' என்ற வரலாற்று நூலை எழுதினார். 1990 இல் வயாவிளான் சனம் இடம்பெயர்ந்தபோது அந்த மண் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஊருக்குப் போக முடியாத வருடங்களிலும் அவருடைய பெயரைச் சொல்கிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கல்லையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மரண அறிவித்தல்களைப் பாருங்கள். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும். வதிவிடத்துக்கு ஒரு நகரத்தின் பெயர் போதும். பிறப்பிடத்துக்குப் பெரும்பாலும் ஊரே போதாது. நாச்சிமார் கோயிலடி என்றோ அத்தியடி என்றோ வந்தால்தான் மனம் ஆறும். வாசிக்கிறவரும் அந்த அடியைக் கண்ட பிறகுதான் "அட, எங்கட ஆளல்லோ" என்று இன்னொருமுறை படத்தைப் பார்ப்பார்.

பொருள் போனபின் அடி எவ்வளவு காலம் நிற்கும்? யாழ்ப்பாணத்துக்கு 1990 இல் ரயில் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் கழற்றிக்கொண்டு போனார்கள், பதுங்குகுழிகளுக்கு அவை கூரையாகின. திரும்ப ரயில் வந்தது 2014 ஒக்டோபரில். இடையில் 24 வருடம். ரயிலைக் காணாமலே பிறந்து, படித்து, கலியாணம் முடித்த ஒரு தலைமுறை இருந்தது. அவர்களும் ஸ்டேசனடியில் சந்தித்தார்கள், ஸ்டேசனடியில் தேத்தண்ணி குடித்தார்கள். வின்சர் தியேட்டரில் படம் ஓடாமல் எத்தனையோ வருடம். தியேட்டரடி இன்னமும் தியேட்டரடி. கனடாவிலிருந்து வந்த என் மச்சாள் எங்கள் புளியடியில் இறங்கி நின்று, "மரம் எங்கையடி?" என்று கேட்டாள். இருந்த இடத்தைக் காட்டினேன். வெறும் தார்வீதியும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து, கிளை இருந்திருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொதி கொண்டுவந்த பெடியனிடம் கையெழுத்து வைத்துக் கொடுக்கும்போது கேட்டேன், "நீங்கள் எவடம் தம்பி?"

"பக்கத்துக் குறிச்சிதான் அக்கா. டவரடி."

கைபேசிக் கோபுரம் அங்கே எழும்பி ஐந்து வருடம்கூட இல்லை. "ஓ, டவரடியே" என்றேன்.